வயிற்றைத் திறக்காமல் ஈரலை அளப்பது எப்படி?



காய்ச்சலோடு வந்த குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களைப் பதித்து, "மூச்சை நன்றாக இழு" என்று மருத்துவர் சொல்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர் அங்கே தேடுவது மண்ணீரலை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை கீழே இறங்குகிறது. மண்ணீரலையும் கீழே தள்ளுகிறது. மண்ணீரல் வீங்கியிருந்தால் அதன் விளிம்பு வந்து விரலில் முட்டும். வீங்காத மண்ணீரல் விலாவுக்குள்ளேயே பதுங்கியிருக்கும்; கைக்குத் தட்டுப்படாது. உடலைத் திறக்காமல் உள்ளுறுப்பின் அளவை அறிய மருத்துவர்கள் கையாண்ட பழைய வழி இது. இன்று அந்த வேலையைப் படக் கருவிகள் மில்லிலிட்டர் கணக்கில் செய்கின்றன. அது எப்படி நடக்கிறது, அந்தக் கணக்கை வைத்து என்ன முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதை இன்று பார்ப்போம்.

விரல் அளவைக்கும் நம் தோட்டங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1840களில் இந்தியாவில், கால்வாய்ப் பாசனம் நடந்த வட்டாரங்களில், டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினார். மலேரியா மிகுந்த ஊரில் வீங்கிய மண்ணீரலும் மிகுதியாக இருந்தது. நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்ற அந்தக் கணக்குக்கு மண்ணீரல் விகிதம் என்று பெயர் வந்தது. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் இதே கணக்கைச் சிலாங்கூர் தோட்டங்களில் எடுத்தார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய பிள்ளைகளின் வயிறுதான் எந்தத் தோட்டம் நோய்த் தோட்டம் என்று காட்டிக் கொடுத்த ஏடு.

வாட்சன் கண்டதைக் கேளுங்கள். கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி வடிகால் தோண்டியபோது மண்ணீரல் விகிதம் இறங்கியது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியும் இறங்கவில்லை. காரணம், இரண்டு இடத்திலும் நோயைப் பரப்பியது ஒரே கொசு அன்று. ஒன்று காட்டு நிழலில் தேங்கிய நீரை நாடுவது. மற்றொன்று வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. மலையில் மரங்களை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டது, இரண்டாவது கொசுவுக்குப் பந்தி விரித்தது போலாயிற்று. ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் அதன்பின் ஏற்பாடாயிற்று. இவ்வளவு பெரிய காரியத்துக்கு விரல் நுனியால் எடுத்த கணக்கு பெரிதும் உதவியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1950இல் கம்பாலா நகரில் கூடிய மலேரியா மாநாடும் இந்த விகிதத்தையே அளவுகோலாகக் கொண்டது: 10 விழுக்காடும் அதற்குக் கீழும் என்றால் நோய் குறைவு; 50க்கு மேல் என்றால் கடுமை; 75க்கு மேல் என்றால் மிகக் கடுமை.

ஆனாலும் விரலுக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ இரண்டு மடங்கு வளர்ந்த பின்னரே மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது. அழுது வயிற்றை இறுக்கும் குழந்தையிடமும், தொப்பை விழுந்த பெரியவரிடமும் அதுவும் கடினம். ஒரு மருத்துவர் "வீக்கம் உண்டு" என்பார்; அடுத்தவர் "இல்லை" என்பார். இந்தக் குழப்பத்தைக் குறைக்க, ஹாக்கெட் என்பவர் 1944இல் தொப்புளை அடையாளமாக வைத்து 0 முதல் 5 வரை படிகள் வகுத்தார். அதுவும் மண்ணீரலின் கீழ் விளிம்பு எங்கே நிற்கிறது என்று சொல்லுமே தவிர, உறுப்பு முழுவதும் எவ்வளவு என்று சொல்லாது.

முழுவதும் எவ்வளவு என்பதைத்தான் கன அளவு என்கிறோம். ஒரு கருங்கல்லின் கன அளவு வேண்டுமானால், நிறைந்த வாளிக்குள் அதைப் போட்டு வழியும் தண்ணீரை அளந்தால் போதும். ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்கு இது. இறந்தவர் உடலிலிருந்து எடுத்த ஈரலையும் இப்படி அளக்கலாம். உயிரோடு இருப்பவரின் ஈரலை எந்த வாளியில் போடுவது?

முதலில் எளிய வழியைப் பார்ப்போம். கர்ப்பிணிப் பெண்களுக்கு எடுக்கிறார்களே, அந்த ஒலியலை ஸ்கேன்தான் அது. நம் காது ஒரு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். இந்தக் கருவி எழுப்பும் ஒலி நொடிக்குச் சில மில்லியன் அதிர்வுகள் கொண்டது. ஆகவே நமக்குக் கேட்பதில்லை. தசைக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் ஓடி, ஓர் உறுப்பின் ஓரத்தில் மோதி எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு அந்த ஓரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கருவி கணக்கிட்டுத் திரையில் புள்ளி வைக்கிறது. தோலின்மேல் குளுகுளுவென்று ஒரு களிம்பைத் தடவுவது மருந்துக்காக அன்று. கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே நுழையாது. காற்றை விரட்டத்தான் களிம்பு. குடலில் காற்று நிறைந்திருந்தாலும் படம் மறையும். அதனால்தான் மேல்வயிற்றுப் படத்துக்குச் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். "காலையில் ஒரு ரொட்டி சானாய்தானே" என்று சாப்பிட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் சம்பளமும் போய், படமும் கிடைக்காமல் திரும்ப நேரும்.

படம் வந்தபின் உறுப்பின் நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றையும் அளக்கிறார்கள். மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது ஒரு பெட்டியின் கன அளவு. உறுப்பு பெட்டியாக இருப்பதில்லையே! ஒரு முட்டை இறுக்கமாகப் பொருந்தும் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூலைகளெல்லாம் வெறுமையாக இருக்கும். முட்டை அடைத்துக்கொள்வது பாதிக்குச் சற்று மேல். அந்தப் பங்கு 0.52. ஆகவே பெட்டிக் கணக்கை 0.52ஆல் பெருக்குகிறார்கள். 11 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 4.5 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள சிறுநீரகத்துக்குப் பெட்டிக் கணக்கு 247.5, அதை 0.52ஆல் பெருக்க, ஏறத்தாழ 129 மில்லிலிட்டர். சிறுநீரகம் முட்டை வடிவமன்று, அவரை விதை வடிவம் என்பதால் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்தே காட்டும். ஆனால் பல காரியங்களுக்கு இதுவே போதுமானது.

எடுத்துக்காட்டாக, இரவில் ஐந்தாறு முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகும் வயதானவர்களைச் சொல்லலாம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலே விட்டுவிடுகிறோம். சிறுநீர் கழித்த பிறகும் பை காலியாகாமல் இருக்கலாம். அப்போது ஸ்கேன் வைத்துப் பார்த்து, பை 8, 7, 6 சென்டிமீட்டர் அளவில் நிற்கிறது என்றால், உள்ளே தங்கியிருப்பது ஏறத்தாழ 175 மில்லிலிட்டர். முழுவதும் கழித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். 100 மில்லிலிட்டருக்கு மேல் தங்கினாலே மருத்துவர் அதைக் கவனிப்பார். தங்கும் நீர் கிருமிக்கு இடம் கொடுக்கும், நாளடைவில் சிறுநீரகத்தையும் அழுத்தும். வலி இல்லாமல், குழாய் செருகாமல், சில நிமிடங்களில் கிடைக்கும் அளவு இது.

சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோய் ஒன்று உண்டு. இதில் இரத்தப் பரிசோதனை பல ஆண்டுகள் குற்றமில்லாமலே வரும். நல்ல பகுதி கெட்ட பகுதியின் வேலையையும் சேர்த்து இழுப்பதால் அப்படி. சிறுநீரகமோ உள்ளுக்குள் பெருத்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் இந்நோயாளிகளின் சிறுநீரகங்களை ஆண்டுதோறும் காந்தப் படமெடுத்து அளந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வளர்ச்சி காணப்பட்டது. பெரிய சிறுநீரகம் உடையவர்களுக்கே வேலைத்திறனும் விரைவாகக் குறைந்தது. இரத்தம் சொல்லாததை அளவு முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

காந்தப் படம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அந்த அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது. தோடு, மெட்டி, கொண்டை ஊசி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்றச் சொன்னதற்காகவே படம் வேண்டாம் என்று திரும்பிவிட வேண்டியதில்லை. உலோகமில்லாத மஞ்சள் கயிறு ஒன்றை முன்னதாகவே கட்டிக்கொண்டு போகலாம்.

இனி ஈரலுக்கு வருவோம். கல்லீரல் முட்டையும் அன்று, அவரை விதையும் அன்று. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, எதற்கும் அடங்காத வடிவம். மூன்று அளவுகளைப் பெருக்கி அதைப் பிடிக்க முடியாது. இங்கேதான் குறுக்குவெட்டுப் படம் உதவுகிறது. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் என்பார்கள். 1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனின் விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த கருவியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979இல் அவரும் கார்மாக் என்பவரும் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கருவி எக்ஸ்ரே கதிரை உடலைச் சுற்றிலும் பல கோணங்களில் செலுத்தி, உடலைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்த்தது போன்ற படங்களை வரிசையாகத் தருகிறது.

பெங்காலி ரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே புடைத்து, பக்கங்களில் கோணி, ஒழுங்கற்ற வடிவம் அதற்கு. அதன் கன அளவு என்ன என்று கேட்டால் விழிப்போம். ஆனால் ரொட்டிக்காரர் அதை ஒரே கனத்தில் துண்டு போட்டுவிட்டால் வேலை எளிது. ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அளந்து, துண்டின் கனத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் முழு ரொட்டி. இத்தாலியில் துறவியாகவும் கணித ஆசிரியராகவும் இருந்த கவலியேரி என்பவர் 1635இல் வெளியிட்ட நூலில் இந்த வகைக் கருத்துக்கு வழி வகுத்தார். அவர் ஈரலை நினைத்திருக்கமாட்டார்.

ஈரலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றில் அதன் பரப்பு 160 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். துண்டின் கனம் அரை சென்டிமீட்டர் என்றால் அந்தத் துண்டு 80 மில்லிலிட்டர். மேல் நுனியிலுள்ள துண்டு 10 மில்லிலிட்டர்தான் இருக்கும். இப்படி மேலிருந்து கீழ்வரை எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் ஈரல் முழுவதும் வந்துவிடும். வளர்ந்த ஒருவருக்கு அது பெரும்பாலும் ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை இருக்கும். பரப்பை எப்படி அளப்பது? படம் மிகச் சிறிய சதுரக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஈரலின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டால், உள்ளே எத்தனை கட்டம் என்று கணினி எண்ணிவிடும். கோடு போடுவதில்தான் பொறுப்பு இருக்கிறது. பித்தப்பையை உள்ளே சேர்க்கக்கூடாது; பெரிய இரத்தக் குழாய்களை விட வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு படத்திலும் மருத்துவர் கையாலேயே கோடு போட்டார். இன்று கணினியே போட்டுவிடுகிறது. மருத்துவர் திருத்திக் கொடுக்கிறார். திருத்தாமல் விட்டால் சில வேளை பக்கத்திலிருக்கும் இரைப்பையும் ஈரலாகிவிடும்.

இந்தக் கணக்கு மெய்தானா என்று யாராவது சோதித்தார்களா? சோதித்தார்கள். அமெரிக்காவில் ஹைம்ஸ்ஃபீல்ட் குழுவினர் கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றை இவ்வாறு அளந்து, உறுப்புகளின் உண்மை அளவோடு ஒப்பிட்டு 1979இல் வெளியிட்டார்கள். இரண்டும் மிக நெருங்கி நின்றன.

படமெடுக்கும்போது "மூச்சைப் பிடியுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்களே, அதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் ஆடுகிறது. ஆடினால் ஒரே இடம் இரண்டு படங்களில் விழும்; வேறோர் இடம் எதிலும் விழாது. மலாயோ ஆங்கிலமோ விளங்காத பாட்டியாக இருந்தால், எப்போது மூச்சைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று வீட்டிலிருந்து போகும்போதே சொல்லிப் பழக்கிவிடுவது நல்லது. கதிர் பயன்படுவதால், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சாயமருந்து ஊசி போடுவதாக இருந்தால், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை எதையும் மறைக்கக்கூடாது.

இத்தனை பாடும் எதற்காக? ஒருவர் ஈரலில் பாதியை மற்றொருவருக்குக் கொடுக்கும்போது இந்த எண்ணிக்கை உயிர்க் கணக்காகிறது. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்னும் அறுவை மருத்துவர், ஜப்பானியத் தாய் ஒருவரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவருடைய மகனுக்குப் பொருத்தினார். உயிரோடிருப்பவர் கொடுத்த ஈரலால் வெற்றி கண்ட முதல் சிகிச்சை அது. குழந்தைக்குச் சிறு துண்டு போதும். பெரியவருக்குக் கொடுப்பதானால் பெரும்பாலும் வலப்பக்கத்துப் பெரிய பாகத்தையே எடுக்கவேண்டும். அப்போது இரண்டு பேரின் உயிரும் தராசில் நிற்கிறது. பெறுகிறவருக்கு அவருடைய உடல் எடையில் ஏறத்தாழ 0.8 விழுக்காடாவது ஈரல் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 480 கிராம். கொடுப்பவரிடம் அவருடைய ஈரலில் 30 விழுக்காடாவது எஞ்ச வேண்டும்.

கணக்குக்காக இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஈரல் 1,100 மில்லிலிட்டர். முதலாமவருக்கு வலப்பாகம் 680, மீதி 420. அதாவது 38 விழுக்காடு மிஞ்சும். இவர் கொடுக்கலாம். இரண்டாமவருக்கு வலப்பாகம் 800, மீதி 300தான். 27 விழுக்காடு. வலப்பாகத்தை எடுத்தால் பெறுகிறவர் நன்றாகப் பிழைப்பார். கொடுத்தவர் ஆபத்தில் வீழ்வார். வெளியே பார்த்தால் இருவரும் ஒரே வயது, ஒரே உடல்வாகு, ஒரே எடை. உள்ளே பிரிவு வேறு. தாய் ஒருத்தி, "என் பிள்ளைக்கு என் ஈரல் ஆகாதா?" என்று கேட்டு அழும்போது, மருத்துவர் மனமில்லாமல் மறுக்கிறார் என்று குடும்பத்தார் நினைத்துவிடுவது உண்டு. பணத்துக்காக என்றும், ஆள் பார்த்து என்றும் பேச்சு எழும். அவளுடைய படத்தையும் கணக்கையும் காட்டி விளக்கும்படி கேட்கக் குடும்பத்தாருக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.

உயரத்தையும் எடையையும் வைத்தே ஈரலின் அளவைக் கணித்துவிடலாமே என்றும் தோன்றும். அப்படி ஒரு சூத்திரத்தை ஜப்பானில் உராத்தா குழுவினர் 1995இல் கொடுத்தார்கள். அது ஜப்பானியர் உடலை அளந்து வகுத்தது. மேலை நாட்டவர்களுக்குக் குறைத்துக் காட்டுகிறது என்று பின்னர் தெரிந்தது. மொத்தத்தைத் தோராயமாகச் சொன்னாலும், வலப்பக்கம் எவ்வளவு, இடப்பக்கம் எவ்வளவு என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. படத்தில் தெரியும் அளவுக்கும், வெட்டி எடுத்தபின் தராசில் நிற்கும் எடைக்கும்கூட வேறுபாடு உண்டு. உடலுக்குள் ஈரல் இரத்தம் நிறைந்து இருக்கிறது. வெளியே எடுத்ததும் அது வடிந்துவிடுகிறது. ஆகவே அறுவை மருத்துவர் கணக்கில் சற்றுக் கழித்தே வைத்துக்கொள்வார்.

இதையெல்லாம்விட நமக்குத் தெரிந்த ஓர் உண்மை இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. மங்கில் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டால் வாளி நிறையும், ரப்பர் கூடாது. அதனால்தான் பால் ஸ்டோரில் கிராணி லிட்டர் கணக்கோடு நிற்காமல், மாதிரி எடுத்து, பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பார். ஈரலும் அப்படித்தான். கொழுப்பு ஏறிய ஈரல் பருத்திருக்கும். மில்லிலிட்டர் கணக்கில் நல்ல ஈரலைத் தோற்கடிக்கும். வேலை செய்யும் சதையோ குறைவு. சம்சுவும் மதுவும் மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். நீரிழிவும் ஊளைச்சதையும் உள்ளவர்கள் ஒரு சொட்டும் குடிக்காமலே கொழுப்பீரல் பெறுகிறார்கள். கொழுப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் போனால் பொதுவாக அந்த ஈரலைத் தானமாக ஏற்பதில்லை. எனவே கன அளவோடு கொழுப்பையும் அளக்கிறார்கள்.

ஈரல் சுருங்கி இறுகிப் போகும் நோயில் நிலைமை வேறு. ஈரலுக்குள் நுழைய வழியில்லாமல் இரத்தம் பின்னுக்குத் தேங்குகிறது. அந்தத் தேக்கத்தால் மண்ணீரல் வீங்குகிறது. ஈரலின் கணக்கு இறங்கும்போது மண்ணீரலின் கணக்கு ஏறும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கொசுவைக் காட்டிக் கொடுத்த அதே உறுப்பை, இன்றைய மருத்துவர்கள் ஈரலின் நிலையை அறிய அளந்து பார்க்கிறார்கள்.

ஈரலைக் கொடுத்தவர்களுக்கு மருத்துவமனை மீண்டும் படமெடுக்கச் சொல்வது ஏன் என்றும் கேட்கலாம். மற்ற உறுப்புகளைப்போல் அல்லாமல் ஈரல் வளரும். வெட்டிய பாகம் அதே இடத்தில் முளைப்பதில்லை. மிஞ்சிய பாகமே பருத்துக்கொள்கிறது. வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடும். நாம் சொன்ன கணக்கில் 420 மில்லிலிட்டரோடு வீடு திரும்பிய பெண்ணுக்குச் சில மாதங்களில் ஈரல் ஆயிரத்தை நெருங்கலாம். தழும்பு ஆறிவிட்டது, வலி இல்லை, வேலைக்குப் போகலாம் என்று அவர் நினைப்பார். உள்ளே எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அந்த இரண்டாவது படம்தான் சொல்லும். ஆகவே மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.